கண்மாய் மீன்பாசி: குத்தகைக்கு விடுவதா, ஊருக்கு விடுவதா?

கலுங்கடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, பசலி (வருவாய்க் கணக்கு) ஆண்டு முடியும் ஜூன் 30 ஆம் தேதியோடு முடிவடைகிறது. அதை மறுபடியும் ஏலம் விடுவதா, அல்லது பழையபடி ஊரே வைத்துக்கொண்டு கோடையில் அழிகண்மாயாக (நீர் வற்றும்போது எல்லாரும் சேர்ந்து இறங்கி) மீன் பிடிப்பதா என்று ஊருக்குள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறோம். இதே நிலையைக் கடந்து வந்த ஊர்க்காரர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

கண்மாய் பெரியதன்று. மேற்கே உள்ள செம்புறாங்கல் மேட்டில் பெய்யும் மழை இயல்பாகவே வந்து தங்கும் ஒரு தாழ்வான பள்ளம் அது. கிழக்கே மட்டும் முன்னோர்கள் பிறை வடிவில் கரை போட்டிருக்கிறார்கள், மற்ற பக்கங்களில் நிலத்தின் சரிவே கரை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். நல்ல மழை பெய்த ஆண்டில், மிகுநீர் வெளியேறும் கலுங்கு பாயும். சித்திரைக்குள், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் வெடித்துவிடும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் இருப்பதைக் கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

கோயில் திருப்பணிக்குப் பணம் தேவைப்பட்டபோது மீன்பாசியை ஏலம் விட்டார்கள். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. கடந்த மழைக்காலத்தில் நடந்ததுதான் என்னை எழுத வைத்திருக்கிறது. வளர்ப்பு மீன் வெளியேறாமல் இருக்கக் குத்தகைதாரர் கலுங்கின் குறுக்கே நெருக்கமான வலையைக் கட்டினார். மேட்டிலிருந்து அடித்து வந்த சருகும் ஆகாயத்தாமரையும் வலையில் அப்பிக்கொண்டு, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மட்டம் உயர்ந்தது. நள்ளிரவில், கண்மாய்ப் பாசனத்தில் பயிரிடும் ஆயக்கட்டுக்காரர்கள் போய் வலையை அறுத்துவிட்டார்கள். மறுநாள் நட்டஈடு கேட்டுக் குத்தகைதாரரும், கரை உடைந்திருந்தால் யார் பொறுப்பு என்று விவசாயிகளும் மந்தையில் கூடினார்கள். அன்று தொடங்கிய மனக்கசப்பு இன்னும் தீரவில்லை.

ஆயக்கட்டு

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியிருப்பதுதான் முதலாவதாகப் பேசப்பட வேண்டியது. மீன் யாருக்கு என்பது பிறகு. மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழியத் தொடங்கினால், அது அரிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. கலுங்கு என்பது கண்மாயின் உயிர். கரையின் உச்சிக்கும் கலுங்கின் மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அந்தக் காலத்தில் கணக்கிட்டு வைத்தவர்கள், கலுங்கு முழு அகலத்துக்கும் திறந்திருக்கும் என்று நம்பித்தான் வைத்தார்கள். நெருங்கிய கண்ணி உள்ள வலையைக் கட்டினால், சருகு படிந்ததும் அது சுவராகிவிடும். பிறகு அந்தக் கணக்கு எதற்கும் பயன்படாது.

இன்னொன்றும் உண்டு. நம் பகுதிக் கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. மேலக் கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கும், அது நிறைந்து அதற்கடுத்ததற்கும் செல்லும் சங்கிலி இது. கடைசியில் மணிமுத்தாறோ தேனாறோ விருசுழியாறோ வாங்கிக்கொள்ளும். மேலக் கண்மாயில் ஒரு இரவு தேங்கிய நீர் மொத்தமாக உடைத்துக்கொண்டு வந்தால், கீழே உள்ளவை ஒவ்வொன்றாக உடையும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்று சொல்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஒன்றை ஒன்று நம்பி நிற்பவை.

மழைக்காலத்தில் கலுங்கின் மேல் ஒரு கயிறுகூடக் குறுக்கே போகக் கூடாது என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதுங்கள். அதை ஏற்காதவருக்கு ஏலத்தில் நிற்கத் தகுதியில்லை.

திருமயம்_மீன்பாசி

நான் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பவன். எங்கள் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏலத்தில் ஊர் எங்களிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. மழை பொய்த்து, கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாமல் போனாலும் அந்தப் பணம் திரும்பாது. குஞ்சு வாங்கி, வண்டி வாடகை கொடுத்து, ஆக்ஸிஜன் நிரப்பிய பைகளில் கொண்டு வந்து விடுகிறோம். விட்ட சில வாரங்களில் கலுங்கு பாய்ந்தால் அவ்வளவும் கீழக் கண்மாய்க்குப் போய்விடுகிறது. கெண்டை இன மீன்கள் ஓடும் நீரை நோக்கித் திரண்டு செல்லும் இயல்புடையவை; கலுங்கு பாயும் ஓசை கேட்டால் கூட்டமாக அங்கே வந்து நிற்கும். நான் போட்ட முதல் அடுத்த ஊர்க்காரரின் குழம்புச் சட்டிக்குப் போவதை நான் கைகட்டிப் பார்க்க முடியாது. வலை கட்டுவது பேராசையால் அன்று.

இரவுக் காவல், தூண்டில்காரர்களோடு வரும் தகராறு, பறவைகள், கடைசியில் ஒரே நாளில் எல்லா ஊரிலும் மீன் வந்து குவிந்து விலை இறங்குவது எல்லாவற்றையும் தாங்கியபிறகு மிஞ்சுவதே வருமானம். கலுங்கில் எதுவும் கட்டக் கூடாது என்று ஐயா சொல்வது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மீனைக் காப்பாற்ற மாற்று வழி என்ன?

மிர்கால்

மீன்வளம் படித்துவிட்டு அந்தத் துறையிலேயே பணிபுரிபவன் என்ற முறையில், திருமயத்து அண்ணன் கேட்டதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் அடிப்படை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் பெருகி ஓடும் ஆற்றில்தான் அவை இனப்பெருக்கம் செய்யும். அதனால் ஒரு காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளை வாரிக் கொண்டு வந்துதான் குளங்களில் விட்டார்கள். 1957 ஜூலை 10 ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி ஆகியோர் கபச்சுரப்பிச் சாறு செலுத்திக் கெண்டை மீன்களைத் தூண்டி முட்டையிடச் செய்து வெற்றி கண்டார்கள். அந்த நாளையே இப்போது தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். பொரிப்பகங்களில் குஞ்சு கிடைப்பது அதன் பயன். அதே காரணத்தால், விட்ட குஞ்சு வெளியேறிவிட்டால் கண்மாயில் அது தானாகப் பெருகி ஈடு செய்யாது என்பதும் உண்மை. அண்ணனின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே.

ஆனால் தவறு வலையில் தொடங்கவில்லை, குஞ்சு விடும் காலத்தில் தொடங்குகிறது. புரட்டாசியில் முதல் மழைக்கே விரலளவுக் குஞ்சுகளை விட்டுவிட்டு, ஐப்பசி அடைமழையில் அவற்றைக் காக்கப் போராடுகிறோம். வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்து, கலுங்கு பாய்வது நின்றபின், மார்கழித் தொடக்கத்தில் குஞ்சு விட்டால் வலைக்கே தேவையில்லை. வளர்வதற்குக் காலம் போதாதே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ஓராண்டு நெருக்கடியாக வைத்து, குறைந்த தீவனத்தில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திய குஞ்சுகளைப் பயன்படுத்துகிறார்கள். 50 முதல் 100 கிராம் எடையுள்ள அந்தக் குஞ்சுகளுக்குப் புதிய நீரும் இடமும் கிடைத்ததும், விடுபட்ட வளர்ச்சியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விரால் வாயில் அகப்படும் அளவைத் தாண்டியிருப்பதால் இழப்பும் குறைவு. ஒரு குஞ்சின் விலை கூடும். எண்ணிக்கை மிகவும் குறையும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், அண்ணன்.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. தீவனமிட்டுப் பராமரிக்கும் பண்ணைக்குளத்தில் ஹெக்டேருக்கு 5,000 குஞ்சு விடுவதை அப்படியே வற்றும் கண்மாய்க்குப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தை, மாசியில் நீர் பாதியாகக் குறையும்போது அதே எண்ணிக்கை இரட்டிப்பு நெருக்கமாகிவிடும். அதோடு கோழிக் கழிவைக் கொட்டினால் பாசி கொழிக்கும். பகலில் ஆக்ஸிஜன் தரும் அந்தப் பாசியே இரவில் அதை உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை நலமாக வளரும். 3 க்குக் கீழே போனால் திணறும். இரண்டு நாள் மேகமூட்டம் வந்தால் மொத்தமாக மிதக்கும். கோழிக் கழிவை எந்தக் குத்தகையிலும் அனுமதிக்காதீர்கள். ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் அது.

மண்சட்டி

இதுவரை பேசியவர்கள் கரையையும் கணக்கையும் பற்றிப் பேசினீர்கள். நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அடுப்படியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

குத்தகைக்குப் போன கண்மாயில் எங்களுக்குக் கிடைப்பது கட்லாவும் ரோகும் மட்டுமே. அதுவும் கரையில் எடை போட்டு விலைக்கு வாங்க வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் மீன் என்றால் அயிரை, குரவை, கெளுத்தி, ஆரால், உளுவை, விரால், சாணிக்கெண்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் இருந்தது. அயிரையை உயிரோடு நல்ல தண்ணீரில் போட்டு மண்ணைக் கக்க விட்டு, கல்லுப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போகக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுவோம். பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் கிடந்து எழுந்தவருக்கும் விரால்தான் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். இவற்றைக் குத்தகைக்காரர்கள் வேண்டுமென்று அழிக்கவில்லை. ஆனால் விரால் குஞ்சைத் தின்கிறது என்று குஞ்சு விடுவதற்கு முன் பள்ளத்தை இறைத்து, மருந்தடித்து மொத்தமாகச் சுத்தம் செய்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று போன அயிரை எங்கள் கண்மாய்க்குத் திரும்பவில்லை.

இன்னொன்று, அழிகண்மாயைப் புகழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்க ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்கு அண்டா நிறைய மீன் வரும். கணவனை இழந்தவரும், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க வீட்டில் தனியே இருக்கும் வயதானவர்களும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் மாமியார் காலத்தில், பிடிக்கப் போனவர்கள் கரையேறும்போது ஒரு கை மீனை ஓலைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அது ஆள் இல்லாத வீடுகளுக்குப் பங்கிடப்படும் என்ற நடைமுறை இருந்ததாகச் சொல்வார்கள். ஊரே பிடிப்பது என்று முடிவெடுத்தால், அந்தப் பங்கைச் சேர்த்தே முடிவெடுங்கள். இல்லாவிட்டால் அது ஊருக்கு விட்டதாகாது.

நீர்க்காகம்

அக்கா சொன்ன மருந்து விஷயம் சட்டப்படியே குற்றம். நீரில் நஞ்சு கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே தடை செய்திருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக இருக்கும் சட்டம் ஊருக்குள் எட்டவில்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நான் பறவைகளைக் கவனிக்கும் ஆர்வலன். குத்தகைதாரர்கள் பறவைகளை எதிரியாகப் பார்ப்பது குறித்து ஒரு வார்த்தை. திருப்பத்தூருக்கு அருகில் உள்ள வேட்டங்குடிச் சரணாலயம் 1977 இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்தே 38.4 ஹெக்டேர்தான். அந்த ஊர் மக்கள் கூடு கட்டியிருக்கும் பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்தப் பறவைகள் சரணாலயத்துக்குள் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றியுள்ள நம் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும்தான் பறந்து வருகின்றன. அங்கே ஊரே வெடியைத் துறந்திருக்க, சில கல் தொலைவில் மீனைக் காப்பதற்காக விடியும்முன் வெடி போட்டு விரட்டுவது எப்படிப் பொருந்தும்?

எல்லாப் பறவையும் வளர்ப்பு மீனைத் தின்பதும் இல்லை. நத்தைகுத்தி நாரை பெரும்பாலும் நத்தையைத்தான் தின்கிறது. சங்குவளை நாரை கரையோரம் முழங்காலளவு நீரில் துழாவிச் சிறு மீன்களைப் பிடிக்கிறது. கட்லா கரையோரத்தை விட்டு, நடுநீரின் மேல்மட்டத்தில் மேய்கிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கிப் பிடிப்பவை. அவற்றால் சிறு குஞ்சுகளுக்கு இழப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. மிர்கால் சொல்வதுபோல் வளர்ந்த குஞ்சாக விட்டால் அந்த இழப்பும் குறையும்.

திருமயம்_மீன்பாசி

வெடி போடுவதை நான் ஆதரிக்கவில்லை. பண்ணைக்குளத்தில் மேலே நூல் கட்டுவோம். கண்மாயில் அது முடியாது.

மிர்கால் தம்பி சொன்ன ஓராண்டுக் குஞ்சை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், விட்டுப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு தடை இருக்கிறது. குத்தகை ஓராண்டுக்கு மட்டும் என்றால், ஜூலையில் ஏலம் எடுத்தவன் டிசம்பரில் விடும் குஞ்சை எப்போதிருந்து வளர்த்து வைத்திருப்பான்? மூன்றாண்டுக் குத்தகையாகக் கொடுத்தால்தான், சொந்தமாக ஒரு நாற்றங்கால் குட்டை வெட்டி முந்தைய ஆண்டே குஞ்சை வளர்த்து வைக்க முடியும். ஓராண்டுக்குள் போட்டதை எடுக்க வேண்டும் என்ற நிலையில்தான் ஆட்கள் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள். கட்டுப்பாடுகளைக் கூட்டும் ஊர்கள் காலத்தையும் கூட்டித் தர வேண்டும், தொகையையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயக்கட்டு

திருமயத்துக்காரர் சொல்வதில் உள்ள நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஏலத்தொகையை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றிவிட்டு, குத்தகைக்காரன் நீதிமானாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஊரின் தவறுதான்.

அந்தத் தொகை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் மீன்பிடிப்புக்கான பாசிப்பாட்டம் என்ற வரி வருகிறது. ஏரியின் மீன் வருவாயை அந்த ஏரியையே தூர் வாருவதற்கு ஒதுக்கிய ஊர்களும் உண்டு. நம் ஊர்களிலோ மீன் பணம் முழுவதும் திருவிழா மேடைக்கும் பந்தலுக்கும் போய்விடுகிறது. மடைப் பலகை இற்று ஒழுகுவதற்குப் பணமில்லை என்கிறோம். சாமி காரியத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் மடை, கலுங்கு, நீர் வரும் வரத்துக்கால், மிச்சம் கோயிலுக்கு. ஊர் மக்களே நீர்நிலையைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தை 2017 இல் அரசு மீண்டும் தொடங்கியபோது எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அரசு பணம் தந்தால்தான் குடி மராமத்து செய்யும் என்றால் அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

தண்ணீர் விஷயத்தில் ஒரு சொல். மாசியில் கடைசி நெல் கதிர் முற்றும்போது ஒரு பாய்ச்சல் கேட்டால், மீன் செத்துவிடும் என்று மடையைத் திறக்க விடமாட்டார்கள் சிலர். அதே ஆட்கள், வைகாசியில் விலை நன்றாக இருக்கிறது என்றால் மிச்சத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டு மீனை அள்ளுவார்கள். கால்நடைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. தண்ணீரின் மேல் உரிமை ஆயக்கட்டுக்கு, மீனின் மேல் உரிமை மட்டுமே குத்தகைக்கு. இதைத் தெளிவாக எழுதாத சீட்டு சண்டையில்தான் முடியும்.

செம்மண்

குத்தகையின் தீமைகளை மட்டுமே பேசுகிறோம். அழிகண்மாய் மட்டும் இயற்கைக்கு நல்லதா? ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்குகிறார்கள். அந்தக் கலங்கலில் மூச்சுவிட முடியாமல் மீன் மேலே வருவதால்தான் ஊத்தாவில் அகப்படுகிறது. முட்டை சுமந்த விரால், விரல் நீளக் கெண்டை எல்லாம் போகின்றன. இப்போது கொசுவலையையும் கொண்டு வந்து இழுக்கிறார்கள். மரபு என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க முடியாது.

மிர்கால்

செம்மண் கேட்டது சரியான கேள்வி. என் துறை அறிவின்படி இதற்கு இரண்டு பக்கமும் உண்டு.

வற்றும் கண்மாய் என்பது கெடுதலன்று. ஆண்டுதோறும் தரை காய்ந்து வெடிப்பதால் அடிச்சேற்றில் தங்கிய கழிவு காற்றுப்பட்டு மட்கிறது. அடுத்த மழையில் அதுவே உரமாகிறது. நம் நாட்டு மீன்கள் பல இந்தச் சுழற்சிக்கென்றே அமைந்தவை. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. ஈரச் சேற்றில் புதைந்து கோடையைத் தாண்டும். கெண்டைகளில் பல, முதல் வெள்ளத்தில் வரத்துக்காலை எதிர்த்து ஏறி, வெள்ளம் பரவிய புல்வெளியில் முட்டையிடும். இவற்றின் எதிரி, ஆண்டு முழுதும் நீர் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடுதான். 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமடைந்து, தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரித்துக் காப்பதால், வற்றாத நீரில் கட்டுக்கடங்காமல் பெருகும். எல்லாம் உள்ளங்கை அளவில் குறுகிப்போய் நிற்கும். அழிகண்மாய் நடந்து கண்மாய் காய்ந்தால் அதன் பெருக்கம் ஆண்டுக்கொருமுறை அறுபடுகிறது.

எனவே பிடிப்பது குற்றமில்லை. ஒன்றும் மிச்சம் வைக்காமல் பிடிப்பதுதான் குற்றம். மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தை மூங்கில் படல் வைத்து அடைத்து, அதற்குள் யாரும் இறங்கக் கூடாது என்று அம்பலம் அறிவித்தால் போதும். அடுத்த ஆண்டுக்கான தாய் மீன் அங்கே இருக்கும். கொசுவலையைக் கரையிலேயே வாங்கி வைத்துவிடலாம். ஊத்தா இரு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. மீனைத் தேர்ந்து எடுக்கவும் சிறியதை விட்டுவிடவும் அதில் முடியும். அதைவிட முக்கியம், புதுவெள்ளத்தில் வரத்துக்காலில் ஏறி வரும் ஏத்துமீனைப் பிடிப்பதைத் தடுப்பது. வயிறு நிறைய முட்டையோடு ஏறும் ஒரு கெண்டையைப் பிடிப்பதால் வரும் இழப்பு, கோடையில் நூறு மீன் பிடிப்பதால் வராது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அதை வளர்ப்பதற்கு 2000 ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த நீருக்கும் போகும், எதையும் தின்னும். கண்மாய் காய்ந்தாலும் அது எளிதில் ஒழியாது. குத்தகைதாரர் எந்தக் குஞ்சு கொண்டு வந்தாலும் விடுவதற்கு முன் ஊர்க்காரர் இருவர் பார்த்துவிட வேண்டும்.

கலுங்கடி

இவ்வளவு பொறுப்பாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் அது நீர்வளத் துறையிடம் இல்லை. ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே மே 1 ஆம் தேதி நடக்கும் கிராம சபையில் தீர்மானமாக வைத்து, ஏல அறிவிப்புக்கு முன்பே ஒன்றியத்துக்கு அனுப்ப எண்ணியிருக்கிறோம்.

இங்கே பேசியதை வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வரைவைக் காட்டினேன். குத்தகையை அடியோடு நிறுத்துவதற்குப் பெரும்பாலோர் உடன்படவில்லை. மடை பழுதுபார்க்க அந்தப் பணம் வேண்டும் என்பது அவர்கள் வாதம், எனக்கும் அது சரியென்றே படுகிறது. எனவே மூன்றாண்டுக் குத்தகை, கலுங்கு பாய்வது நின்ற பிறகே குஞ்சு விடுவது, கலுங்கில் வலை கட்டத் தடை, கோழிக் கழிவும் மருந்தும் கண்டால் அன்றே குத்தகை ரத்து என்று எழுதியிருக்கிறோம். குத்தகைதாரர் பங்குனி இறுதிக்குள் தன் மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய கண்ணி வலையில் கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் அவருக்கு. அதன்பின் எஞ்சிய நாட்டு மீன் முழுவதும் சித்திரையில் ஒரு நாள் ஊருக்கு. பள்ளம் படல் கட்டி விடப்படும். மண்சட்டி அக்கா சொன்ன ஓலைப்பெட்டியைப் பற்றி வாசித்துக் காட்டியபோது, எங்கள் ஊரிலும் அப்படி இருந்தது என்று இரண்டு பாட்டிமார்கள் சொன்னார்கள். அதையும் சேர்த்துவிட்டோம்; ஆள் இல்லாத வீடுகளின் பட்டியலை மகளிர் குழுவினர் எழுதுவார்கள்.

ஏலத்தொகையில் பாதி கண்மாய்க்கு என்ற வரியில்தான் இன்னும் இழுபறி. கோயில் தரப்பினர் மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள்.

மண்சட்டி

பாதிக்குக் குறையவிடாதீர்கள், தம்பி. அந்தக் கோயிலின் தெப்பத்துக்கும் தண்ணீர் இந்தக் கண்மாய் நிறைந்துதானே வருகிறது என்று கேளுங்கள்.

திருமயம்_மீன்பாசி

இந்த நிபந்தனைகளில் நான் ஏலத்துக்கு வரத் தயங்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேருங்கள்: மழை பொய்த்து முழுக்கொள்ளளவில் பாதிகூட நிரம்பாத ஆண்டில் தொகையில் கழிவு தர வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை தெரிந்தவர்கள் ஒதுங்கி, எதையும் கொட்டி எடுத்துவிட்டு ஓடுபவர்கள்தான் ஏலத்தில் நிற்பார்கள்.

கீழக்கண்மாய்

இழையை முழுவதும் படித்தேன். மேலக் கண்மாய் மறுகால் பாய்ந்தால் மட்டுமே நிரம்பும் ஊர் எங்களுடையது. உங்கள் ஊர் அதுவாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் கலுங்கில் வலை கட்டினால் எங்களுக்கு மீன் வராது என்பதோடு, உங்கள் தண்ணீரோடு வரும் அயிரைக்கும் கெண்டைக்கும் வழியே இல்லாமல் போகிறது. எங்கள் கண்மாய் முழுதாக வற்றிய ஆண்டுகளுக்குப் பிறகு, அடுத்த மழையில் மீன் வந்தது மேலிருந்துதான். நீங்கள் பள்ளத்தில் விட்டுவைக்கும் தாய் மீன் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

சீட்டில் எழுத விடுபட்டது ஒன்று இருக்கிறது. மடையின் திருகுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் குறிப்பிடுங்கள். எங்கள் ஊரில் அதைக் குத்தகைதாரரிடம் கொடுத்து வைத்திருந்ததால்தான், கதிர் முற்றும் நேரத்தில் வெளியூரில் இருந்த அவரைத் தேடி அலைய நேர்ந்தது. இப்போது சாவி, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பங்கிடும் நீர்ப்பாய்ச்சியிடம் இருக்கிறது. மடையைத் திறப்பதற்கு முந்தின நாள் மாலையில் அவர் குத்தகைதாரருக்குச் சொல்லிவிட வேண்டும், மடை வாயில் மீன் போகாமல் இரும்புக் கம்பிச் சட்டம் வைத்துக்கொள்வது குத்தகைதாரரின் வேலை. அந்தச் சட்டத்தை நாள்தோறும் சருகு நீக்கிச் சுத்தம் செய்யும் பொறுப்பும் அவருடையதே என்று சேர்த்து எழுதிவிட்டால், பிறகு பேச்சுக்கு இடமிருக்காது.